நாய்க்கு லைசென்ஸ் ஐம்பது ரூபாய்... நாயைக் கைவிட்டால்?

"நாய்க்கும் ஆதார் கார்டா?"

2025 கடைசியில் சென்னையில் நாய் வளர்க்கும் வீடுகளில் எல்லாம் ஒரு தடவையாவது இந்த ஜோக் அடிக்கப்பட்டிருக்கும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், நாயின் உடம்பில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்த நேரம் அது. உரிமக் கட்டணம் என்னவோ வெறும் 50 ரூபாய்தான். நவம்பரில் முடிய வேண்டிய கெடு டிசம்பருக்குப் போய், டிசம்பரிலும் ஒரு வாரம் தள்ளிப்போனது. கடைசி நாள் நெருங்க நெருங்க மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் கூட்டம். பொமரேனியன், லாப்ரடார், ராஜபாளையம், எந்த இனம் என்று சொல்ல முடியாத நம்மூர் நாய் என்று எல்லாம் ஒரே வரிசையில்! பக்கத்தில் நிற்கும் நாயைப் பார்த்து உறுமிக்கொண்டே ஒரு அரசு வரிசையில் நிற்பது நாய்களுக்கு வேண்டுமானால் புது அனுபவமாக இருந்திருக்கலாம்.

ஜோக்கோடு சேர்ந்து இரண்டு விதமான கோபமும் வந்தது. "தெருவில் அத்தனை நாய் சுற்றுகிறது, அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் கட்டிப்போட்ட நாயைப் பிடிக்க வருகிறார்கள்" என்பது ஒன்று. "எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், அது வெறும் கணக்குத்தானே. ஒரு பேச்சுக்கு, நகரத்தில் ஒரு லட்சம் பேர் நாய்க்கு உரிமம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 50 ரூபாய் என்றால் வருவது 50 லட்சம். சென்னை அளவுள்ள ஒரு மாநகராட்சியின் பட்ஜெட்டில் அது எந்த மூலைக்கு? டாக்டர் சம்பளம், சிப், ஊசி, கம்ப்யூட்டர், ஆள் எல்லாம் போட்டால் கைப்பிடித்தம்தான் ஆகும். ஆக இது காசு பிடுங்கும் திட்டமாக இருந்தால் உலகத்திலேயே மிக மோசமான காசு பிடுங்கும் திட்டம் இதுதான்!

உண்மையில் இப்படி ஒரு கூத்து நடந்தும் இருக்கிறது. பிரிட்டனில் 1878-ல் நாய் உரிமத்துக்குக் கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று வைத்தார்கள். அதன்பிறகு அதை ஏற்றவே இல்லை. இரண்டு உலகப் போர் வந்து போனது, நாணயமுறையே மாறியது, நாய் உரிமம் மட்டும் 37 பென்ஸ் என்று அப்படியே நின்றது. கடைசியில் நாய் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர்தான் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வசூலாகும் தொகையைவிட வசூலிக்கும் செலவு அதிகம். 1987-ல் கிரேட் பிரிட்டனில் உரிமத்தையே தூக்கிவிட்டார்கள். (வட அயர்லாந்தில் மட்டும் தொடர்ந்தது.) 50 ரூபாயைப் பார்த்து "பரவாயில்லையே, மலிவாக இருக்கிறதே" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. கட்டணம் மிகக் குறைவாக இருந்தால் கட்டாதவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, கட்டச் சொல்கிறவரும் துரத்துவதில்லை.

சரி, சிப்புக்கு வருவோம். அதைப் பற்றிச் சுற்றும் கதைகள் ஏராளம். நாய் எங்கே போனாலும் மொபைலில் தெரியும் என்கிறார் ஒருவர். உள்ளே பேட்டரி சூடாகிவிடும் என்கிறார் இன்னொருவர். இரண்டும் கிடையாது. அரிசி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் ஒரு சின்னச் சுருளும் ஒரு எண்ணும். அவ்வளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். பேட்டரி இல்லை. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதிலிருந்து வரும் அலையில் ஒரு நொடி உயிர் பெற்று, தன்னிடம் இருக்கும் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஜி.பி.எஸ். எல்லாம் இல்லை. நாய் தொலைந்தால் சிப் தேடித் தராது. நாயை யாராவது கண்டெடுத்து, அவர் அதை ஒரு ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால்தான் அதற்கு வேலை.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எண்ணுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அதில் பெயர், விலாசம், போன் நம்பர் சரியாக இருக்க வேண்டும். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பேரேட்டில் பதியாத வவுச்சர் எத்தனை அழகாக அச்சடித்திருந்தாலும் வெறும் காகிதம்தான். வீடு மாறுவோம், போன் நம்பர் மாற்றுவோம், நாயை ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வெளிநாடு போவோம். பதிவேட்டில் மட்டும் பழைய போன் நம்பரே இருக்கும். அது இப்போது வேறு யாரோ ஒருவருடைய நம்பர்!

பிரிட்டன்காரர்கள் இந்தச் சிக்கலிலும் நமக்கு முன்னால் போய் மாட்டியவர்கள்தான். 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நாய்களுக்குச் சிப் கட்டாயம். 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கும் கட்டாயம், 20 வாரம் ஆவதற்குள் பொருத்திவிட வேண்டும். ஆனால் பதிவேட்டை அரசு தானே நடத்தாமல் தனியாருக்கு விட்டது. அவை இருபதுக்கும் மேலாகப் பெருகின. கண்டெடுத்த பூனையின் எண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேடுவதே மருத்துவமனைகளுக்கு ஒரு தனி வேலையாகிப் போனது. சென்னையில் பதிவேடு ஒரே இடத்தில், மாநகராட்சியிடம் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் தாம்பரத்திலோ ஆவடியிலோ கண்டெடுத்த நாயின் எண்ணை அங்கே இருக்கும் டாக்டர் எப்படித் தெரிந்துகொள்வார்? அந்த ஊர்கள் தனித்தனி மாநகராட்சிகள். நாய்க்கு எல்லைக்கல் தெரியாதே.

அவர்களிடம் காப்பியடிக்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. சிப் இல்லாத பூனை பிடிபட்டால் எடுத்த எடுப்பில் அபராதம் இல்லை. 21 நாள் அவகாசம் தருகிறார்கள். அதற்குள் பொருத்திவிட்டால் சரி. பொருத்தாவிட்டால்தான் 500 பவுண்டு வரை அபராதம்.

இந்த 21 நாள் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல நம்மூர்ச் சட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்ட வேண்டும்.

1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-வது பிரிவு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியை நியாயமான காரணம் இல்லாமல் கைவிடுவது குற்றம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை என்றால் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். 1960-ல் ஐம்பது ரூபாய் என்பது பெரிய காசு. இன்றைக்கு அண்ணா நகரில் ஒரு காபிக்குக்கூடக் காணாது.

இப்போது மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு ஒழுங்காக உரிமம் எடுத்தால் 50 ரூபாய். உரிமம் எடுக்காமல் வைத்திருந்தால் 5,000 ரூபாய். நாயைக் கொண்டுபோய் எங்காவது இறக்கிவிட்டு வந்தால், அதுவும் யாராவது பார்த்து, புகார் கொடுத்து, வழக்கு நடந்து, நிரூபணமானால், அதிகபட்சம் 50 ரூபாய்!

நாயை நேசிக்கிறவர் இந்தக் கணக்கைப் போட மாட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று சிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கணக்குப் போடுகிறவர் வேறு ஆள். ஊரடங்கு காலத்தில் பிள்ளைகள் நச்சரித்தார்கள் என்று ஒரு குட்டி வாங்கியவர். அல்லது சினிமாவில் பார்த்து ஆசைப்பட்டு, சைபீரியக் குளிருக்கென்று பிறந்த ஹஸ்கியைச் சென்னை மே மாதத்துக்குக் கொண்டுவந்தவர். குட்டி வளர்ந்து நாயாகிவிட்டது, முடி கொட்டுகிறது, மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், தோலில் ஏதோ வியாதி, டாக்டர் பில் ஏறிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே எப்படிக் கழற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நாள் 5,000 ரூபாய் அபராதம் என்று செய்தி வருகிறது. அவர் என்ன செய்வார்? ராத்திரி காரில் ஏற்றி, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரவுண்டு போய்விட்டு, காலி சீட்டோடு திரும்பி வருவார். அந்த நாய்க்குக் குப்பையில் தின்னத் தெரியாது, ரோடு கடக்கத் தெரியாது, தெருநாய்க் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கத் தெரியாது. கார் போன திசையையே பார்த்துக்கொண்டு இரண்டு நாள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

சிப்பின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான். தொலைந்த நாயைச் சேர்த்து வைப்பது நல்ல காரியம், ஆனால் தேடுகிறவர் எப்படியும் போஸ்டர் ஒட்டித் தேடுவார். தேடாதவருக்குத்தான் சிப் தேவை. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடலாம். போட்டோவை அழித்துவிடலாம். தோலுக்கு அடியில் இருக்கும் 15 இலக்கத்தைக் கழற்ற முடியாது. பிடிபடும் பயம் ஒன்று இருந்தாலே அந்த ராத்திரிப் பயணம் பாதி குறையும்.

ஆனால் சிப் போட்ட பிறகுதானே அந்தப் பயம்? சிப் போடுவதற்கு முன்னாலேயே, 5,000 ரூபாய்க்குப் பயந்து நாயை இறக்கிவிடுகிறவரை எந்த எண்ணைக் கொண்டு பிடிப்பது? இங்கேதான் இடிக்கிறது. அபராதம் பெரிதாகவும், கைவிடும் தண்டனை காபி விலையாகவும் இருக்கும்வரை, அவகாசம் கொடுக்காமல் மிரட்டும் ஒவ்வொரு கெடுவும் நாயைத் தெருவுக்குத் தள்ளும் கெடுவாகவே முடியும். பிறகு "தெருவில் அத்தனை நாய்" என்று அதே ஆள் கோபமும் படுவார்! சென்னையில் 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம் என்று வந்தது. அவற்றில் எத்தனையின் பாட்டி ஏதோ ஒரு வீட்டில் சோபாவில் படுத்திருந்தது என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

அப்படியானால் சிப் எங்கே தொடங்க வேண்டும்? வாங்கியவரிடம் இல்லை, விற்றவரிடம்.

ஸ்கூட்டர் வாங்கும்போது என்ன நடக்கிறது? ஷோரூம்காரரே பதிவுக்கு எல்லா வேலையும் பார்த்துவிடுகிறார். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் கழித்து, கெடு வந்த பிறகு, நீயே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நில் என்று யாரும் சொல்வதில்லை. நாய்க்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம் நாட்டிலேயே விதி இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி விதிகள் கொண்டுவந்தது. குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 2018-ல், செல்லப்பிராணிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்தன.

காகிதத்தில் இருக்கிறது. சந்தையில்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டைப் பெட்டியில் குட்டிகளை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் சிப் எண் கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஆன்லைனில் போட்டோ போட்டு, பணம் வாங்கி, பஸ் பார்சலில் குட்டி அனுப்புகிறவரிடம் கேட்கவே வேண்டாம். விற்பவர் ஒரே ஆள், அவர் விற்பது வருடத்துக்கு ஐம்பது குட்டி என்றால், ஐம்பது வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட ஒரு கதவைத் தட்டுவது சுலபம். செலவும் குறைவு. இங்கிலாந்துச் சட்டத்தில் முதல் உரிமையாளராகப் பதிவேட்டில் இருக்க வேண்டியவர் நாயை இனப்பெருக்கம் செய்பவர்தான். வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது அதற்கப்புறம்.

பெயர் மாற்றம் என்றதும் பழைய பைக் விற்ற அத்தனை பேருக்கும் வயிற்றைக் கலக்கும். பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வண்டி எங்கேயோ சிக்னல் தாண்டியதற்குப் பழைய ஓனருக்கு செலான் வரும்! நாய் விஷயத்திலும் அதேதான் நடக்கப் போகிறது. நாயை வேறொருவருக்குக் கொடுத்தால், நாய் இறந்துபோனால், வீடு மாறினால் பதிவேட்டில் மாற்றுவது போனில் இரண்டு நிமிட வேலையாக இருக்க வேண்டும். உரிமம் எடுப்பதைச் சுலபமாக்குவதில் காட்டும் அக்கறையை இதிலும் காட்டாவிட்டால் பத்து வருடத்தில் பதிவேடு முழுக்க செத்துப்போன நாய்கள்தான் உயிரோடு இருக்கும்.

வெளிநாட்டைப் பார்த்துப் போடும் சட்டங்கள் எல்லாம் தடுக்கி விழும் இடம் ஒன்று நம்மூரில் உண்டு. இங்கே "வளர்ப்பது" என்பதற்கே ஒரே அர்த்தம் கிடையாது. காலையில் டீக்கடை அண்ணன் போடும் பொறை, மதியம் பெரியம்மா வைக்கும் மீன் முள்ளும் சோறும், ராத்திரி வாட்ச்மேன் பக்கத்தில் படுக்கை. அந்த நாய் யாருடையது? தெருவே வளர்க்கிறது. பெயர்கூட உண்டு, மணி. மணியை யாராவது அடித்தால் நாலு வீட்டிலிருந்து ஆள் வருவார்கள். மணி யாரையாவது கடித்தால் ஒரு வீட்டிலிருந்தும் வர மாட்டார்கள்! 2023-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இப்படிப்பட்ட நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. சென்னையில் 2025-ல் அப்படிப் பிடிக்கும் தெருநாய்களுக்கும் சிப் போடத் தொடங்கினார்கள். "வீட்டு நாயை மட்டும் பிடிக்கிறார்கள்" என்ற கோபத்துக்கு இது ஓரளவு பதில். மணியின் எண்ணுக்கு எதிரே ஓனர் பெயர் இருக்காது, ஆனால் ரேபிஸ் ஊசி எப்போது போட்டது என்று இருக்கலாம். கடிபட்டவருக்கு அப்போது ஓனர் பெயரைவிட அதுதான் முக்கியம்.

பூனை கதை இன்னும் மோசம். அதற்கு மூன்று வீடு, மூன்று பெயர். ஒரு வீட்டில் பால் குடித்து, ஒரு வீட்டில் குட்டி போட்டு, மூன்றாவது வீட்டு மாடியில் தூங்கும். மூன்று பேருமே "எங்க வீட்டுப் பூனை" என்பார்கள், உரிமம் என்று வந்தால் மூன்று பேருமே "அது சும்மா வரும் போகும்" என்பார்கள். சிங்கப்பூரில் வீட்டு வசதிக் கழக அடுக்குமாடிகளில் பூனை வளர்ப்பதற்கு முப்பது வருடத்துக்கும் மேலாகத் தடை இருந்தது. அங்கே பெரும்பாலான ஜனங்கள் குடியிருப்பதே அந்த வீடுகளில்தான், நம் தமிழர்களும் அதில் அடக்கம். தடை இருந்தது, பூனையும் இருந்தது, கதவுக்குப் பின்னால். 2024 செப்டம்பர் 1-ல் தடையை நீக்கி, ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம், சிப் போட்டு உரிமம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்த எடுப்பில் அபராதம் என்று மிரட்டவில்லை. 2026 ஆகஸ்ட் 31 வரை, இரண்டு வருடம் அவகாசம், அதுவரை உரிமம் இலவசம். ஒளித்து வைத்தவர்களை வெளியே வரவழைக்க வேண்டுமானால் முதலில் பயத்தைப் போக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. கட்டுப்பாட்டுக்குப் பெயர் போன ஊர் அது!

நாய் உரிமத்தில் அவர்களிடம் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு, செய்யாததற்குப் பல மடங்கு. எல்லா நாய்க்கும் ஒரே 50 ரூபாய் என்பதைவிட இது எவ்வளவோ அர்த்தமுள்ளது. கருத்தடை செய்யாமல் வைத்திருப்பவர் அதற்கு ஒரு விலை கொடுக்கட்டும், செய்தவருக்கு 50 ரூபாய்கூட வேண்டாம்.

கடைசியாக ரேபிஸ். உலகத்தில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வருடத்துக்குப் பதினெட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர் வரை. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. நாய்க்கு வருடா வருடம் போடும் ஊசியால் தடுக்கக்கூடிய சாவு. உரிமம் வாங்கத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்ற நிபந்தனைதான் இந்தத் திட்டத்திலேயே உயிர்நாடியான வரி. சிப் ஒரு தடவை போட்டால் போதும், உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் அதுதான். முதல் வருடம் கெடுவுக்குப் பயந்து வந்த கூட்டம் இரண்டாவது வருடம் வருமா?

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறியபோதுதான் சென்னையில் உரிமம் என்ற பேச்சே சூடு பிடித்தது. அங்கே உரிமையாளரைக் கண்டுபிடிக்கச் சிப் தேவைப்படவில்லை. கயிறும் வாய்மூடியும்தான் தேவைப்பட்டன. சிப் கடிக்காமல் தடுக்காது. தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அது செய்யக்கூடியதைச் செய்ய வைக்க இன்னும் சில விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. மாநகராட்சி மருத்துவமனைகளில் மட்டுமல்லாமல் தெருமுனை கால்நடை டாக்டரிடமும், காயம்பட்ட நாயைத் தூக்க வரும் தொண்டு நிறுவன வேனிலும் ஒரு ஸ்கேனர் வேண்டும். பக்கத்து ஊர் எண்ணையும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு வேண்டும். முதல் தடவை சிக்குபவருக்கு 21 நாள் நோட்டீஸ் வேண்டும். அட்டைப் பெட்டியில் குட்டி விற்பவரிடம் எண் கேட்க ஒரு ஆள் வேண்டும். 1960-ல் எழுதிய அந்த ஐம்பது ரூபாயை மாற்ற டெல்லியில் யாராவது பேனா எடுக்க வேண்டும்.